கோடைச் சுற்றுலாவும் கேளிக்கைப் பூங்காவும்: நோயுற்றோரும் அவர்களைப் பேணுவோரும் புறப்படுமுன் அறிய வேண்டியவை

தேர்வுகள் முடிந்ததும் பட்டுக்கோட்டை வட்டாரத்திலிருந்து வேன்கள் புறப்படத் தொடங்குகின்றன. வேளாங்கண்ணிக்கும் மனோராவுக்கும் பகலில் போய்த் திரும்பியவர்கள் இப்போது இரவு முழுவதும் பயணம் செய்து சென்னைப் புறநகரின் கேளிக்கைப் பூங்காக்களுக்கும் மேட்டுப்பாளையத்து நீர்ப் பூங்காவுக்கும் செல்கின்றனர். 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்ட பின் இந்த ஆர்வம் கூடியிருக்கிறது. இத்தகைய பயணத்தில் குழந்தைகள் மட்டும் செல்வதில்லை. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்ளும் பாட்டியும், இன்சுலின் போட்டுக்கொள்ளும் தந்தையும், கருவுற்றிருக்கும் அத்தையும் உடன் செல்கின்றனர். இக்கட்டுரை அவர்களுக்காகவும், அவர்களுக்குப் பொறுப்பேற்று அழைத்துச் செல்லும் உங்களுக்காகவும் எழுதப்படுகிறது.

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் இந்திய விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவையொட்டி வான் சாகசக் காட்சி நடந்தது. பல இலட்சம் மக்கள் திரண்டனர். அன்று ஐவர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் மயக்கமுற்று மருத்துவ உதவி பெற்றனர். அது கத்திரி வெயில் காலமன்று. வெப்பம் 40 டிகிரி செல்சியசை எட்டவும் இல்லை. காட்சி முற்பகல் 11 மணிக்குத் தொடங்கியது. ஆனால் மக்கள் காலை முதலே நிழலற்ற மணற்பரப்பில் காத்திருந்தனர். முடிந்தபின் நெரிசலில் வெளியேற முடியாமல் நெடுந்தொலைவு நடந்தனர். அதற்கு முந்தைய ஆண்டில், 2023 ஏப்ரல் 16 அன்று, நவி மும்பையின் கார்கரில் திறந்தவெளியில் நடந்த அரசு விருது விழாவில் 14 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பல மணி நேரம் உணவு உட்கொள்ளாதிருந்தது உடற்கூறாய்வில் தெரியவந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. 2024 ஜூன் மாத ஹஜ் பயணத்தில் 1,301 பேர் உயிரிழந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் முறையான பதிவின்றி வந்து, தங்குமிட வசதி இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள்.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவருக்கு ஒன்று தெளிவாகிறது. வெப்பமானி காட்டும் எண் ஆபத்தின் ஒரு பகுதி மட்டுமே. காத்திருப்பு, வெறும் வயிறு, உறக்கமின்மை, நினைத்தவுடன் நிழலுக்குச் செல்ல இயலாமை ஆகியவை சேரும்போது நடுத்தர வெயிலும் உயிரைப் பறிக்கிறது. கேளிக்கைப் பூங்காவில் வரிசையில் நிற்பதும் இத்தகைய காத்திருப்பே. ஆயினும் பூங்காவில் மெரினாவில் கிடைக்காத சில வசதிகள் உண்டு: நிழற்கூடம், குடிநீர், முதலுதவி அறை, வேண்டும்போது வெளியேறும் வாயில். அவற்றை நீங்கள் பயன்படுத்துவீர்களா என்பதே கேள்வி.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழப்போரின் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் நிதியுதவிக்கும் வழிசெய்தது. வெயிலால் வரும் மரணத்தைத் தடுக்கத்தக்க ஒன்றாக அரசு கருதத் தொடங்கியதன் அடையாளமாகவே இதனை நான் பார்க்கிறேன்.

கடலோரப் புழுக்கம்

நம் வட்டாரம் கடலுக்கு மிக அருகில் உள்ளது. சமவெளியில் 40 டிகிரியைக் கடந்தால்தான் வெப்ப அலை பற்றிப் பேசும் வானிலை ஆய்வுத் துறை, கடலோரத்திற்கு 37 டிகிரியையே எல்லையாக வைத்துள்ளது. காரணம் ஈரப்பதம். வியர்வை சுரப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது ஆவியானால்தான் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழிந்தோடும், நீரும் உப்பும் வீணாகும், உடற்சூடோ குறையாது. சென்னையின் கடற்கரைச் சாலைகளை ஒட்டிய பூங்காக்களிலும் இதே நிலைதான். "அங்கே கடற்காற்று வரும்" என்று எண்ணிச் செல்வோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும். (2018 நவம்பர் 16இல் கஜா புயல் நம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபின், மர நிழல் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கியிருந்தது என்பதை இவ்வூர் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.)

நீர்ப் பூங்காவில் இன்னொரு மயக்கம் உண்டு. உடல் நனைந்திருப்பதால் தாகம் தோன்றுவதில்லை, வியர்ப்பதும் தெரிவதில்லை. கழுத்தளவு நீரில் நெடுநேரம் இருப்பவருக்குச் சிறுநீர் வழக்கத்தைவிட அதிகம் பிரியும். இவ்வாறு நீரின் நடுவிலேயே ஒருவர் நீரிழப்புக்கு உள்ளாகிறார். எனவே தாகத்தை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள்: அரை மணிக்கு ஒரு தம்ளர் நீர். சிறுநீர் அடர்மஞ்சளாகப் பிரிந்தாலோ, நான்கைந்து மணி நேரம் பிரியாதிருந்தாலோ உடனே நிழலுக்கு வந்து நீர் பருகுங்கள்.

நீரிழப்பு வேனிலேயே தொடங்குகிறது

எம்மிடம் சிகிச்சைக்கு வருவோரிடம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதையே வெளிப்படுகிறது. இரவு 10 மணிக்கு வேன் ஏறுகிறார்கள். வழியில் கழிப்பறை கிடைக்காது என்று பெண்கள் மாலை முதலே நீர் அருந்துவதை நிறுத்திவிடுகிறார்கள். எவரும் சரியாக உறங்குவதில்லை. விடியற்காலையில் ஒரு தேநீர்; நுழைவுச்சீட்டு வாங்கும் அவசரத்தில் காலை உணவு தவறுகிறது; மாத்திரைப் பை வேனிலேயே தங்கிவிடுகிறது. முற்பகல் 11 மணிக்கு முதல் மயக்கம். கடந்த கோடையில் இவ்வாறு மயங்கி, ஊர் திரும்பியபின் எம்மிடம் வந்த ஒரு மூதாட்டி, முந்தைய மாலை முதல் ஒரு வாய் நீரும் அருந்தவில்லை என்று கூறினார். நீர் பிரிக்கும் மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியிருந்தார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. நெடுஞ்சாலையில் பெண்களுக்கு ஒரு தூய கழிப்பறை இல்லாதது எவ்வாறு நோயாகிறது என்பதையே எண்ணினேன்.

ஆகவே கழிப்பறை வசதியுள்ள நிறுத்தங்களை ஓட்டுநருடன் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். வாயிலுக்குள் நுழையுமுன் இட்லியோ, நீராகாரமோ, எதுவாயினும் உண்டுவிடுங்கள். முடிந்தால் முந்தைய நாளே சென்று தங்கி உறங்குங்கள். நண்பகல் 12 முதல் 3 மணி வரை கூரையின்கீழ் இருக்கும் விளையாட்டுகளுக்கும் உணவுக்கும் ஒதுக்கிவிட்டு, காலையையும் மாலையையும் திறந்தவெளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து உட்கொள்வோர்

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அவற்றை உண்போர் வெயிலில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

ஃபுரோசமைடு, ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற நீர் பிரிக்கும் மாத்திரைகள் உடலின் நீரையும் உப்பையும் குறைக்கின்றன. அடினலால் போன்ற மாத்திரைகள் வெயிலுக்கு ஏற்ப இதயத்துடிப்பு கூடுவதைத் தடுக்கின்றன. மனநல மருந்துகள் சிலவும் அவற்றுடன் தரப்படும் டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரையும் வியர்வையைக் குறைக்கின்றன. லித்தியம் உட்கொள்வோருக்கு நீரிழப்பு ஏற்பட்டால் இரத்தத்தில் மருந்தின் அளவு நஞ்சாகும் அளவுக்கு உயரலாம். சர்க்கரைக்கும் இதயத்திற்கும் இப்போது பரவலாகத் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின், சிறுநீரை மிகுவிக்கும். இவற்றுள் எதனையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு வாரத்திற்கு முன்பே மாத்திரை அட்டையுடன் மருத்துவரிடம் சென்று, "வெயிலில் ஒரு நாள் முழுதும் வெளியே இருக்கப் போகிறேன்" என்று கூறுங்கள். வேளையையோ அளவையோ மாற்ற வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரக நோய்க்கும் நீரின் அளவு வரையறுக்கப்பட்டவர்களுக்கு, அரை மணிக்கு ஒரு தம்ளர் என்று மேலே சொன்ன கணக்குப் பொருந்தாது. சிறுநீரக நோயாளிகள் இளநீரையும் தாமாக அருந்தக் கூடாது. அதிலுள்ள பொட்டாசியம் இதயத்துடிப்பைப் பாதிக்கக்கூடும்.

இன்சுலினை வேனின் முன்பெட்டியில் வைக்காதீர்கள். மூடிய வண்டியின் உட்புறம் அடுப்பைப்போல் சூடேறும். மருந்து தோற்றத்தில் மாறாமலே திறனிழக்கும். ஈரத்துணி சுற்றிய சிறு மண்கலமோ, பனிக்கட்டி நேரடியாகப் படாத குளிர்பையோ போதும். பனிக்கட்டியில் உறைந்த இன்சுலினும் பயனற்றதே.

சர்க்கரை குறைந்தாலும் வெயிலால் தளர்ந்தாலும் அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றே: வியர்வை, நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல். குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்கள். இல்லையெனில், நினைவோடு இருப்பவருக்கு முதலில் சர்க்கரை கலந்த நீர் கொடுங்கள். சர்க்கரை குறைந்திருக்கும்போது காத்திருப்பதே பெரிய கேடு.

பாதங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீர்ப் பூங்காவில் பெரும்பாலும் வெறுங்காலுடனே நடக்கிறோம். நண்பகல் வெயிலில் சிமெண்டுத் தரையும் நடைபாதைக் கல்லும் காற்றைவிடப் பன்மடங்கு சூடேறியிருக்கும். உணர்வுள்ளவர் துள்ளி ஓடிவிடுவார். நீண்டகாலச் சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்கு அது தெரியாது. மெதுவாக நடப்பார், வரிசையில் நிற்பார், இரவில் காலுறை கழற்றும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். அக்கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, விரலை எடுக்க நேர்ந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல் தரையிலும் நண்பகலில் இதே ஆபத்து உண்டு. நீரில் அணியத்தக்க ரப்பர் காலணியைப் பூங்காவில் அனுமதிப்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதிக்காவிட்டால் பாதம் மரத்தவர் நிழலிலேயே இருக்கட்டும். அன்றிரவு அவருடைய உள்ளங்கால்களை விளக்கொளியில் நீங்களே பாருங்கள்.

வலிப்பு நோயுள்ளவர் உறக்கமின்றி வந்திருந்தால் நீரில் இறங்கவே கூடாது. கருவுற்றவர்கள், இதய நோயாளிகள் ஆகியோர் விரைவு இராட்டினங்களைத் தவிர்க்க வேண்டும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். அடிக்கடி கொடுங்கள், நீர் வேண்டா. உறங்கும் குழந்தையை மூடிய வண்டியில் ஐந்து நிமிடமும் விட்டுச் செல்லாதீர்கள்.

அட்டையில் எழுதியிருப்பதெல்லாம் ஓ.ஆர்.எஸ். அன்று

கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயருடன் விற்கப்பட்ட இனிப்புப் பானங்கள் பலவற்றில், உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவைப்போல் பன்மடங்கு சர்க்கரை இருந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகளாக இதனை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அவ்வளவுக்கு உட்படாத பானங்கள் அப்பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. வரவேற்கத்தக்க முடிவு, சற்றுத் தாமதமாக வந்தது.

முறையான உப்புக்கரைசல் பொட்டலம் 20.5 கிராம் எடையுள்ளது. அதனை ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். தம்ளர் நீரில் சிறிது கொட்டிக் குடிப்பது தவறு. ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே. ஆகவே வியர்வையால் தளர்ந்த சர்க்கரை நோயாளி ஓரிரு தம்ளர் பருக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தளர்ச்சி இல்லாதபோது நாள் முழுதும் அதையே குடிப்பது இரத்த அழுத்தமுள்ளோருக்கு நல்லதன்று. அவர்களுக்கு நீரும், உப்புக் குறைந்த நீர்மோரும் போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பொட்டலம் கட்டணமின்றிக் கிடைக்கும், புறப்படுமுன் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒருவர் தளர்ந்து விழுந்தால்

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவற்றுடன் நினைவு தெளிவாக இருந்தால் அது வெப்பத் தளர்ச்சி. நிழலில் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, உப்புக்கரைசல் கொடுங்கள். அரை மணியில் தேறாவிட்டால் மருத்துவ உதவி வேண்டும்.

பேச்சுக் குழறினாலோ, பொருத்தமின்றிப் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தவறினாலோ அது வெப்பவாதம். உடற்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோல் வறண்டிருந்தால்தான் வெப்பவாதம் என்று எண்ணாதீர்கள். ஓடியாடியவருக்கு வியர்வை வழிந்துகொண்டிருக்கும்போதே அது வரும். ஒருவர் 108ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் அந்த நொடியே குளிர்விக்கத் தொடங்குங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா இருப்பது நாம் செய்யும் பெரும்பிழை. உடையைத் தளர்த்தி, தலை முதல் கால்வரை நீரை இடைவிடாது ஊற்றி, விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் துணி சுற்றிய பனிக்கட்டி வையுங்கள். நீர்ப் பூங்காவில் நீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் நினைவிழந்தவரைக் குளத்தில் இறக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்து நீரை ஊற்றுங்கள். அவர் வாயில் எதையும் புகட்டாதீர்கள். பாராசிட்டமால் இச்சூட்டைத் தணிக்காது. கல்லீரலுக்குக் கேடே செய்யும்.

ஊர் திரும்பிய மறுநாள் கடும் தசைவலியும், தேநீர் நிறத்தில் சிறுநீரும் கண்டால், அலுப்பு என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். வரும்போது உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் கையோடு எடுத்து வாருங்கள். இரவில் ஐயம் எழுந்தால் 104 எண்ணை அழைத்துக் கேட்கலாம்.