விளையாட்டுத் திடல்: உருளை இழுத்த பந்து வீச்சாளர்

சிகாமட் வட்டாரத் தோட்டத் திடல்களில் என்றைக்கும் கால்பந்துக்குத்தான் மவுசு. கிரிக்கெட் என்றால் துரைமார் கிளப்பு ஆட்டம் என்று ஒதுங்கிக்கொள்வோம். அந்தத் துரைமாருக்கே பந்து போட்டுப் போட்டு முன்னுக்கு வந்த ஒரு தொழிலாளியின் கதையை வாசகர்கள் அறிவது நல்லது.

பெயர் பல்வாங்கர் பாலு. 1876இல் தார்வாரில் பிறந்தவர். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சமார் குலம். பூனாவில் பார்சிக்காரர் கிளப்பில் திடலைக் கூட்டி உருளை இழுக்கும் வேலை. மாதம் 3 ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் 4 ரூபாய். பயிற்சிக்கு வரும் துரைகளுக்கு மணிக்கணக்கில் பந்து வீச வேண்டும். மட்டை பிடிப்பது துரைகள் மட்டும்தான்! கிரெய்க் என்ற துரை, தம்மை அவுட்டாக்கும் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுப்பாராம். இடக்கையால் பந்தைச் சுழற்றும் வித்தை அப்படித்தான் அவருக்குக் கைவந்தது.

வெள்ளையரை ஜெயிக்க வேண்டுமே! பூனா இந்துக்கள் வேறு வழியின்றிப் பாலுவைத் தங்கள் அணியில் சேர்த்தார்கள். திடலில் எல்லோரும் அதே பந்தைத் தொடுவார்கள். தேநீர் நேரத்தில் மட்டும் அவருக்கு வெளியே, தனி மண் கோப்பையில் தேநீர். அவர் எடுத்துக் கொடுத்த விக்கெட்டுகளுக்குத் தீட்டு இல்லை போலும்.

1911இல் பட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலும் தோற்றே திரும்பியது. பாலு மட்டும் அங்கே 114 விக்கெட் எடுத்தார். முதல்தர ஆட்டங்களில் அவர் மொத்தக் கணக்கு, 33 ஆட்டங்களில் 179 விக்கெட்.

இத்தனைக்குப் பிறகும் இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்கு வரவில்லை. 1920இல் தலைவர் பாய் நோய்வாய்ப்பட்டபோது, அந்த இடம் தேவதர் என்ற பிராமண ஆட்டக்காரருக்குப் போயிற்று. பாலுவின் தம்பிகள் விட்டலும் சிவராமும், "நாங்கள் ஆட மாட்டோம்" என்று விலகிக்கொண்டார்கள். என் கணக்கில் இந்தக் கதையிலேயே பெரிய வீரம் அதுதான். பாய் குணமாகித் திரும்பினார். பாலு துணைத் தலைவரானார். ஆட்ட நடுவே பாய் வேண்டுமென்றே திடலை விட்டுச் சற்று வெளியேற, அந்தக் கொஞ்ச நேரம் பாலு தலைமை தாங்கினார்.

1923இல் தம்பி விட்டல் முறைப்படி தலைவரானார். அப்போது அண்ணனுக்கு வயது 47, ஆடி ஓய்ந்திருந்தார்.