என்ஜினை இறக்கும் முன் ஒரு கேள்வி!

லாரி வழியில் நின்று விடுகிறது. மெக்கானிக் வருகிறார். கேபினைச் சாய்த்துப் பார்க்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார்.

"என்ஜின் வேலை இருக்கிறது. இறக்கித்தான் ஆக வேண்டும்" என்கிறார்.

செலவு எவ்வளவு? லட்சத்தைத் தாண்டும் என்கிறார்.

லாரிக்காரருக்குத் தலை சுற்றுகிறது. ஆனாலும் வாய் திறப்பதில்லை. "சரி, ஆகட்டும்" என்று சொல்லி விட்டு, பணத்துக்கு வழி தேடப் புறப்படுகிறார்.

இங்கேதான் தவறு நடக்கிறது.

"எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?" என்று அவர் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேள்வி கேட்கக் காசு வேண்டாம். கேட்காமல் விட்டால், பல மாத உழைப்பு ஒரே நாளில் கரைந்து போகலாம்.

நின்றாலும் தவணை

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் பல ஆயிரம் குடும்பங்களுக்கு லாரிதான் சோறு போடுகிறது. லாரி வைத்திருப்பவர் எல்லோரும் பெரிய முதலாளிகள் அல்ல. ஒரே ஒரு லாரியை வாங்கி, தாமே ஓட்டிப் பிழைப்பவர்களும் உண்டு.

லாரி ஓடினாலும் தவணை கட்ட வேண்டும். நின்றாலும் கட்ட வேண்டும். இன்சூரன்சு, வரி, டயர், டிரைவர் சம்பளம் ஆகியவை வேறு காத்து நிற்கும்.

ஆகவே, "என்ஜின் வேலை" என்பது அந்த வீட்டில் இடி போல விழும் சொல். மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. மகனின் கல்லூரிப் பணம் பட்டறைக்குப் போகிறது. அப்படிப் போகிற பணம், தேவைக்குத்தான் போகிறதா என்று பார்க்க வேண்டாமா?

நோய் ஒன்று, காரணம் பல

நாமக்கல்லில் முட்டை ஏற்றிக் கொண்டு ஒரு லாரி பெங்களூருக்குப் போகிறது என்று வைத்துக் கொள்வோம். சேலத்தைத் தாண்டி, தொப்பூர் கணவாயில் ஏறும்போது என்ஜின் சூடேறி விடுகிறது. முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. டிரைவர் ஓரமாக நிறுத்துகிறார்.

வந்த மெக்கானிக், "ஹெட் கேஸ்கெட் போய் விட்டது" என்கிறார்.

போயிருக்கலாம். ஆனால் என்ஜின் சூடேற அது ஒன்று மட்டும்தானா காரணம்?

பேன் பெல்ட் தளர்ந்திருந்தாலும் சூடேறும். ரேடியேட்டரின் முகத்தில் தூசியும் வைக்கோலும் அடைத்திருந்தாலும் சூடேறும். ரப்பர் ஹோசில் சிறு வெடிப்பு விழுந்து தண்ணீர் கசிந்தாலும் சூடேறும். தெர்மோஸ்டாட் என்ற சிறு வால்வு திறக்காமல் ஒட்டிக் கொண்டாலும் சூடேறும்.

இவை எல்லாம் சின்னச் செலவுகள். பெல்ட்டையும் ஹோசையும் கண்ணாலேயே பார்த்து விடலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டால், அது திறக்கிறதா இல்லையா என்பது தெரிந்து விடும்.

ஹெட் கேஸ்கெட் போனதற்கும் அடையாளம் உண்டு. என்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்து, பால் விட்ட டீ போல ஆகி விடும். வெளியே கசிவே இல்லாமல் ரேடியேட்டர் தண்ணீர் குறையும். என்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் குமிழி வந்து கொண்டே இருக்கும்.

"இந்த அடையாளங்களில் எது இருக்கிறது? காட்டுங்கள்" என்று கேட்பதில் தப்பு என்ன?

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் சீறி வந்து முகத்தைச் சுட்டு விடும். ஆறிய பிறகே சோதனை.

புகை சொல்லும் கதை

வண்டி இழுக்கவில்லை, புகை தள்ளுகிறது என்றால், "பிஸ்டன், லைனர் எல்லாம் மாற்ற வேண்டும்" என்று சொல்வது உண்டு.

புகையிலும் வகை இருக்கிறது. கறுப்புப் புகை என்றால், டீசலுக்கு ஏற்ற காற்று என்ஜினுக்குக் கிடைக்கவில்லை. ஏர் பில்டரில் தூசி அடைத்திருந்தாலே போதும், கறுப்புப் புகை வரும். நீலப் புகை என்றால், ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், டீசல் சரியாக எரியவில்லை; அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

புகையே இல்லாமல் வண்டி இழுக்கவில்லையா? டீசல் பில்டர் அடைத்திருக்கலாம். டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியவை இவை.

பிஸ்டன் தேய்ந்ததா என்பதையும் என்ஜினை இறக்காமலே ஓரளவு அறியலாம். டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ப் டீசல் 1897-ம் ஆண்டில் ஓட்டிக் காட்டிய என்ஜினின் தத்துவமே அதுதான். காற்றை இறுக அமுக்கினால் அது சூடாகும். அந்தச் சூட்டில் டீசல் பற்றிக் கொள்ளும். பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்தால், அமுக்கம் குறைந்து விடும்.

அந்த அமுக்கத்தை அளக்கக் கருவி இருக்கிறது. "கம்ப்ரஷன் டெஸ்ட்" என்று பட்டறைகளில் சொல்வார்கள். எந்த சிலிண்டர் பலம், எந்த சிலிண்டர் பலவீனம் என்று அது காட்டி விடும். அளந்து பார்க்காமல் என்ஜினை இறக்குவது, ஊசி போட வேண்டிய இடத்தில் கத்தியை எடுப்பது போல!

பெட்டி சொன்னால் போதுமா?

2020-ம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்கப்படும் புது லாரிகள் பி.எஸ்.6 ரகத்தைச் சேர்ந்தவை. இவற்றில் கம்ப்யூட்டர் இருக்கிறது. பல வண்டிகளில் புகையின் நஞ்சைக் குறைக்க, யூரியா கரைசல் ஊற்றும் தனித் தொட்டியும் இருக்கிறது. அந்தக் கரைசலில் 32.5 சதவிகிதம் யூரியா. மீதி சுத்தத் தண்ணீர்.

கரைசல் தீர்ந்தாலோ, கலப்படமாக இருந்தாலோ, கம்ப்யூட்டரே வண்டியின் வேகத்தையும் பலத்தையும் குறைத்து விடும். என்ஜின் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வண்டி நகர மறுக்கும்!

மெக்கானிக் ஸ்கேனர் பெட்டியை மாட்டுவார். ஒரு எண் வரும். "சென்சார் போய் விட்டது" என்பார். அந்தச் சென்சார் விலை கேட்டால் மயக்கம் வரும்.

அந்த எண், கோளாறு எந்தப் பக்கம் என்றுதான் சொல்கிறது. சென்சார் கெட்டதா, அதற்குப் போகும் வயரை எலி கடித்ததா, ஊற்றிய கரைசல் மட்டமா என்பதை மனிதன்தான் தேடிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணைக் குறித்து வாங்கிக் கொள்ளுங்கள். வேறு ஒரு பட்டறையில் காட்ட உதவும்.

மெக்கானிக் எல்லோரும் மோசமா?

இல்லவே இல்லை. நள்ளிரவில், கொட்டும் மழையில், லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவர் அவர். அவர் இல்லாவிட்டால் சரக்கு ஊர் போய்ச் சேராது.

ஏமாற்றுகிறவர் சிலர் இருக்கலாம். ஆனால் செலவு ஏறுவதற்கு லாரிக்காரரும் ஒரு காரணம்.

எப்படி?

ஒரு மெக்கானிக் 2 மணி நேரம் தேடி, தளர்ந்த ஒரு கிளிப்பைக் கண்டு பிடித்து முடுக்குகிறார். "ஒரு கிளிப்பை முடுக்கியதற்கு இவ்வளவா?" என்று லாரிக்காரர் சண்டை போடுகிறார். 100 ரூபாயைக் கையில் திணிக்கிறார். அதே லாரிக்காரர், சாமான் மாற்றினால் ஆயிரக்கணக்கில் பேசாமல் கொடுக்கிறார்!

மூளைக்குக் கூலி இல்லை, சாமானுக்குத்தான் கூலி என்றால், மெக்கானிக் என்ன செய்வார்? சாமானைத்தான் மாற்றுவார்.

ஆகவே, கோளாறைக் கண்டு பிடிப்பதற்கு என்று தனிக் கூலி கொடுக்க வேண்டும். "என்ன கோளாறு என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அதற்கு உள்ளதை வாங்கிக் கொள்ளுங்கள். வேலையைப் பிறகு பேசலாம்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் முகம் மலரும். நிஜமும் வெளியே வரும்.

பேச்சு முதலில், ஸ்பானர் பிறகு

வேலை முடிந்த பிறகு சண்டை போட்டுப் பயன் இல்லை. வேறு விதமாகப் பேசிக் கொள்ளாத வரை, செய்த வேலைக்குக் கூலி வரும் வரையில் வண்டியைத் தம்மிடமே நிறுத்தி வைத்துக் கொள்ளும் உரிமை மெக்கானிக்குக்கு உண்டு. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-வது பிரிவு அதைச் சொல்கிறது.

ஆகவே, ஸ்பானரை எடுக்கும் முன்பே பேசி விட வேண்டும். என்ன வேலை, என்ன சாமான், எவ்வளவு கூலி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். வழியில் செலவு கூடினால், கேட்டு விட்டே செய்ய வேண்டும் என்று சொல்லி விட வேண்டும். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்க வேண்டும்.

பில்லும் வாங்க வேண்டும். பில் தராமல் இருப்பது முறையற்ற வணிகம் என்று 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சந்தேகம் இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் யோசனை கேட்கலாம்.

எங்கே வாதம் கூடாது?

கேள்வி கேட்பது வேறு. அலட்சியம் வேறு.

ஆயில் விளக்கு எரிந்தால், என்ஜினை உடனே நிறுத்த வேண்டும். "அடுத்த ஊர் வரை போய் விடலாம்" என்று ஓட்டினால், சின்ன வேலை பெரிய வேலை ஆகி விடும். பிரேக், ஸ்டியரிங் கோளாறு என்று மெக்கானிக் சொன்னால், பேரம் பேசிக் கொண்டே வண்டியை ஓட்டக் கூடாது. அது லாரிக்காரரின் உயிர் மட்டும் அல்ல. எதிரே வருகிறவர் உயிரும்தான்.

வண்டியை நிறுத்தி வையுங்கள். இன்னொருவரை அழைத்துக் காட்டுங்கள். அரை நாள் வாடகை போகும். போகட்டும். பெரிய ஆபரேஷன் என்றால் இன்னொரு டாக்டரிடம் காட்டுகிறோம். அதற்காக முதல் டாக்டர் கோபித்துக் கொள்வதில்லை.

காரணம் கேட்டால், கைத்தொழில் தெரிந்தவர் காட்டிக் கொடுப்பார். தெரியாதவர்தான் கோபப்படுவார். அந்தக் கோபமே லாரிக்காரருக்குப் பதில்!