அடுப்பங்கரை அனுபவங்கள்: புகை போட்ட உப்புக்கண்டம்

"அக்கா, என் கணவருக்கு வெளியூரில் வேலை. மாதம் ஒருமுறை வந்து போகிறார். கையோடு கொடுத்தனுப்ப மாட்டிறைச்சி உப்புக்கண்டம் செய்ய ஆசை. பாட்டி வீட்டில் சாப்பிட்ட அந்தப் புகை வாசனையோடு வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் கேஸ் அடுப்புதான். என்ன செய்ய?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

செய்யலாம் தங்கையே, தாராளமாகச் செய்யலாம். ஆனால் பக்குவத்தைச் சொல்லுமுன் என் வீட்டுக் கதை ஒன்றைக் கேட்டுவிடுங்கள்.

நான் வாழ்க்கைப்பட்டது குமரி மாவட்டத்தில், மலையோரக் கிராமம் ஒன்றில். என் மாமியார் வீட்டில் விறகடுப்புக்கு மேலே கம்பி கட்டியிருக்கும். பண்டிகைக்கு வாங்கிய மாட்டிறைச்சியில் மிஞ்சியதை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகும் பிரட்டி, அதில் கோத்துத் தொங்க விடுவார். விடியற்காலை காப்பியிலிருந்து இரவுக் கஞ்சி வரை அந்த அடுப்பு அணையாது. பத்துப் பதினைந்து நாளில் இறைச்சி கறுத்து, மரச் சிராய் மாதிரி ஆகிவிடும். மழைக்காலத்தில் எடுத்து வெந்நீரில் போட்டு, அம்மியில் இடித்து, சின்ன உள்ளியோடு தேங்காய் எண்ணெயில் வறுத்தால்... தெரு முழுக்க மணக்கும்! பக்கத்துக் கேரளத்தில் இதையே 'இடியிறைச்சி' என்பார்கள்.

பிறகு எங்கள் வீட்டுக்கும் கேஸ் அடுப்பு வந்தது. புகை போயிற்று, கம்பியும் போயிற்று. ஆசை மட்டும் போகவில்லை. ஒரு வருஷம் நானே துணிந்து, பச்சை இறைச்சியை அரிந்து உப்புப் போட்டு, மொட்டை மாடியில் இரண்டு நாள் காய வைத்தேன். மேலே காய்ந்துதான் இருந்தது. பல் முளைத்த என் சின்ன மகள் கேட்டாளே என்று ஒரு துண்டைக் கடிக்கக் கொடுத்தேன். மறுநாள் இரவு காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றினார்கள். "என்னம்மா கொடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

மாமியாருக்கோ ஆச்சரியம். "நாங்க எல்லாம் இதத் தின்னுதானே மக்களே வளந்தோம்? ஒருத்தருக்கும் ஒண்ணும் வரல்லியே!" என்றார்.

யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. அவர் செய்ததில் ஒரு துண்டைக்கூட யாரும் அப்படியே தின்றதில்லை. வெந்நீரில் ஊறி, எண்ணெயில் நன்றாக வறுபட்ட பிறகுதான் இலைக்கு வரும். நானோ கடைசிப் படியை விட்டுவிட்டு, காய்ந்ததைப் பச்சையாகவே குழந்தை கையில் கொடுத்துவிட்டேன்.

சகோதரிகளே, வெயிலும் உப்பும் புகையும் இறைச்சியின் ஈரத்தை வாங்கும். கிருமி பெருகாமல் தடுக்கும். ஏற்கெனவே உள்ள கிருமியை முழுக்கக் கொல்வது சூடு ஒன்றுதான். அதுவும் இறைச்சி ஈரமாக இருக்கும்போதே சூடு ஏற வேண்டும். காய்ந்த பிறகு சில கிருமிகள் சூட்டையும் தாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் இதே பண்டத்தை 'ஜெர்க்கி' என்று அப்படியே மெல்லுவார்கள். அங்கே நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் 1995-ஆம் ஆண்டு, சரியாகச் சூடுபடுத்தாத ஜெர்க்கியைத் தின்று பலர் சால்மொனெல்லா கிருமியால் நோயுற்றார்கள். அதனால்தான் முதலில் இறைச்சியை 71 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கி, பிறகு காய வையுங்கள் என்று அந்நாட்டு வேளாண்மைத் துறை சொல்கிறது. நம் இட்லிப் பானை இருக்கும்போது இது ஒரு சிரமமா?

தேவையானவை: கொழுப்பில்லாத தொடைக்கறி 1 கிலோ, பொடித்த உப்பு 2 மேசைக்கரண்டி, மிளகாய்த் தூள் 1 மேசைக்கரண்டி, மிளகுத் தூள் 2 தேக்கரண்டி, மஞ்சள் தூள் 1 தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி.

செய்முறை: கொழுப்பு, ஜவ்வு எல்லாவற்றையும் நீக்குங்கள். கொழுப்பு இருந்தால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். இறைச்சியை அரை மணி ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் மெல்லிசாக அரிய வரும். கால் அங்குல கனத்துக்கு மேல் வேண்டாம். மசாலாவைப் பிரட்டி, மூடி, ராத்திரி முழுக்க ஃப்ரிஜ்ஜில் வையுங்கள்.

மறுநாள் காலை, இட்லித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, ஆவி வந்தபின் 15 நிமிஷம் வேக விடுங்கள். கனமான துண்டு ஒன்றை வெட்டிப் பாருங்கள். நடுவில் சிவப்பு இருக்கக் கூடாது. நீரை வடித்துவிட்டு, சுத்தமான கம்பித் தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, நல்ல வெயிலில் வையுங்கள். பச்சை இறைச்சி பட்ட கத்தி, பலகை, தட்டு எதுவும் சோப்புப் போட்டுக் கழுவாமல் இதன் பக்கம் வரக் கூடாது.

சாயங்காலம் புகை போடுங்கள். பழைய இரும்புச் சட்டியில் நாலைந்து சிரட்டையை (கொட்டாங்கச்சிதான்!) எரித்துக் கனலாக்கி, அதன்மேல் காய்ந்த தேங்காய் மட்டை நாரைப் போட்டால் புகையும். இரண்டடி உயரத்தில் கம்பித் தட்டை வைத்து ஒன்றரை மணி நேரம் விடுங்கள். கொல்லையிலோ மொட்டை மாடியிலோதான் செய்ய வேண்டும். வீட்டுக்குள் புகை போட்டால் குழந்தைகளின் நெஞ்சுக்கு ஆகாது. பெயின்ட் அடித்த மரம், பிளாஸ்டிக், மண்ணெண்ணெய் எதுவும் கூடவே கூடாது.

இரவில் வெளியே விடாமல் ஃப்ரிஜ்ஜில் வைத்து, இன்னும் இரண்டு மூன்று நாள் வெயிலில் காய விடுங்கள். வானம் மூடியிருந்தால் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

பதம் எப்படித் தெரியும்? ஆறிய துண்டை வளைத்தால் மேலே கீறல் விழ வேண்டும். இரண்டாக முறியக் கூடாது. ஒரு கிலோ கறி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். நன்றாக ஆறிய பிறகு ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். வெளியில் இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். ஃப்ரிஜ்ஜில் மூன்று மாதம் வரை வைக்கலாம். பூஞ்சை பிடித்தால் துடைத்துவிட்டுச் சாப்பிடாமல் மொத்தத்தையும் எறிந்துவிடுங்கள். ஆட்டிறைச்சியிலும் இதே முறைதான்.

கவனிக்க: இதில் உப்பு அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்ப்பதே நல்லது. உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சி குடல் புற்றுநோய்க்கு ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் அறிவித்தது. ஆகவே இது எப்போதாவது ஒரு நாள் தொட்டுக்கொள்ளும் பண்டம். தினப்படிக் கறி அல்ல. சின்னக் குழந்தைகளுக்குத் துண்டாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். கர்ப்பிணிகள் வறுக்காமல் சாப்பிட வேண்டாம்.

கடிதம் எழுதிய தங்கைக்கு ஒரு வார்த்தை. பாட்டிலைக் கொடுத்தனுப்பும்போது, "வெந்நீரில் பத்து நிமிஷம் ஊற வைத்து, வறுத்துச் சாப்பிடுங்கள்" என்று ஒரு சீட்டும் எழுதி வையுங்கள். என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். உப்புக்கண்டம் அவளுக்கு உயிர். என் மாமியாரும் இப்போதெல்லாம், "முதல்ல ஆவியில வச்சியா மக்களே?" என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுகிறார்!