குளத்து அடிமீனுக்கு எந்தத் தூண்டில் வாங்கலாம்?

''எங்கள் ஊர்க் குளத்தில் இதுவரை மூங்கில் கம்பில் நரம்பு கட்டித்தான் மீன் பிடித்து வந்தோம். இப்போது ரீல் வைத்த தூண்டில் வாங்கலாம் என்கிறான் மகன். தரையோடு மேயும் கெளுத்தி, மிர்கால் பிடிக்க எப்படிப்பட்ட கம்பும் ரீலும் வாங்க வேண்டும்?''

- தென்காசி வட்டார வாசகர்

பதில்: விலையைப் பார்த்து வாங்காதீர்கள், மீன் மேயும் இடத்தைப் பார்த்து வாங்குங்கள். கூட்டு மீன் வளர்ப்பு செய்பவர்களுக்கு இது தெரியும். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்காலும் சாதாக் கெண்டையும் அடிமட்டத்திலும் மேயும். கெளுத்தியும் அடியில்தான். அடிமீன் தூண்டிலில் தக்கை கிடையாது. ஈயக்குண்டு தரையைத் தொடுவதும், மீன் இரையைக் கவ்வுவதும் கம்பு வழியாகவே கைக்குத் தெரிய வேண்டும்.

கம்பு: கரையில் நின்று வீச 7 முதல் 8 அடி போதும். நுனி மெலிந்து வளைய வேண்டும். அடிப்பகுதி விறைப்பாக இருக்க வேண்டும். எத்தனை கிராம் எடை வீசலாம் என்று பிடிக்கு மேலே அச்சிட்டிருப்பார்கள். 10 முதல் 30 கிராம் என்றிருப்பதை வாங்குங்கள். கார்பன் கம்பு எடை குறைவு, உணர்வு அதிகம். ஆனால், கல்லில் மோதினால் முறியும். ஃபைபர் கிளாஸ் கொஞ்சம் கனம்; விலை குறைவு, அடிதாங்கும். முதல் கம்புக்கு இதுவே நல்லது. நரம்பு ஓடும் வளையங்களுக்குள் பஞ்சை இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் வளையத்தில் விரிசல் இருக்கிறது; அது நரம்பை அறுத்துவிடும்.

ரீல்: கம்புக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீல், 2500 அல்லது 3000 அளவு போதும். கம்பின் மேலே உட்காரும் ரீலில், பழகாத கைக்கு நரம்பு சிக்கலாகிவிடும். சுமார் 5 கிலோ தாங்கும் நைலான் நரம்பு சுற்றுங்கள். ரீலின் பிரேக்கை அதில் மூன்றில் ஒரு பங்குக்கு வையுங்கள். நரம்பு நுனியை ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்தால், ஒன்றரை கிலோ காட்டும்போது ரீல் நரம்பை விட வேண்டும். அப்போதுதான் பெரிய மீன் பாய்ந்தாலும் நரம்பு அறாது.

கட்டும் முறை: துளையுள்ள ஈயக்குண்டுக்குள் நரம்பைக் கோத்து, அதற்குக் கீழே சுழலியைக் கட்டுங்கள். சுழலியிலிருந்து ஒன்றரை அடி நரம்பு விட்டு முள் கட்டி, மண்புழு கோருங்கள். குண்டு தரையைத் தொட்டதும் மெதுவாக இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுங்கள். மீன் கவ்வும்போது நரம்பு மட்டும் நகரும். குண்டின் கனம் அதற்குத் தெரியாது.

மூன்று எச்சரிக்கைகள். கார்பன் கம்பில் மின்சாரம் பாயும். ஈரமான எந்தக் கம்பும் ஆபத்துதான். மின்கம்பி தாழ்ந்து போகும் கரையிலும், இடி இடிக்கும் நேரத்திலும் தூண்டிலைத் தூக்காதீர்கள். குற்றால மலையில் மழை பெய்தால் சித்தாற்றில் இறங்காதீர்கள். இங்கே வெயில் அடித்தாலும் வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் வந்த திடீர் வெள்ளம் 17 வயது மாணவனின் உயிரைப் பறித்ததை மறக்கக் கூடாது. கடைசியாக, குளம் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால், குத்தகைதாரரிடம் அனுமதி பெற்ற பிறகே தூண்டில் போடுங்கள்.