மதுரையில் ஒரு கடல்!

சென்னையிலிருந்து மதுரைக்கு வந்து இரண்டு மாசம். சாயங்காலமானால் என் இரண்டு வயது மகளுக்கு பெசன்ட் நகர் ஞாபகம். ‘கடல்... கடல்...’ என்று ஒரே அழுகை. மால், பூங்கா எதுவும் எடுபடவில்லை.

ஒரு ஞாயிறு வண்டியூர் தெப்பக்குளம் போனோம். 17-ம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டியது. நடுவில் மண்டபம், சுற்றிலும் தண்ணீர். பார்த்ததும் ‘கடல்!’ என்று கத்தினாள்.

அவிச்ச கடலை விற்ற பாட்டி, ‘கடலையா? இந்தா தங்கம்’ என்று நீட்டினார். முழுசாகத் தந்தால் தொண்டையில் சிக்குமே... நசுக்கி ஊட்டினேன்.

அப்புறம் தினமும் அங்கேதான். காய்ச்சலில் ஒருநாள் போகவில்லை. மறுநாள் பாட்டி, ‘ஏத்தா, நேத்து பாப்பாவைக் காணோமே?’ என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புது ஊரா? குழந்தைக்குப் பழகும்வரை ஒரே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். நம்மைத் தேட அங்கே ஓர் ஆள் கிடைப்பார்!