பனிமூட்டமும் கணினியின் கணிப்பும்

தை மாத அதிகாலைகளில் யாழ். குடாநாட்டில் பனிமூட்டம் படர்வது புதிதல்ல. கடற்றொழிலாளரும், சுபஹ் தொழுகைக்கோ கோயிலுக்கோ புறப்படுவோரும், ஏ9 வீதியில் வாகனம் செலுத்துவோரும் பலர் இன்று கைத்தொலைபேசியின் வானிலை வரைபடத்தை நம்புகின்றனர். அவ்வரைபடம் எதைச் சொல்கின்றது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பார்வைத்தூரம் 1,000 மீற்றருக்குக் குறைந்தால் அது மூடுபனி எனப்படும். முன்னணி உலகளாவிய மாதிரியுருக்கள் பூமியை ஏறத்தாழ 9 முதல் 13 கிலோமீற்றர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கின்றன. பார்வைத்தூரத்தையோ ஈரப்பதன், நீர்த்துளிகள் முதலியவற்றிலிருந்து மதிப்பிடுகின்றன. கடலும் கடனீரேரியும் வயலும் ஒரே கட்டத்துள் அடங்கிவிடும் குடாநாட்டில், சில பத்து மீற்றர் உயரமே கொண்ட பனிப்படலம் அக்கணிப்புக்குத் தப்பிவிடுவது வியப்பன்று.

எனவே, வரைபடத்தில் பனி தென்படாமை பாதை தெளிவானது என்பதற்கு உத்தரவாதமாகாது. பனி உண்டா, இல்லையா என்று மட்டும் கூறாது, அதற்கான வாய்ப்பு எத்தனை வீதம் என எளிய தமிழில் அறிவிப்பதே பயன்தரும். பலாலியில் 2019இல் சர்வதேச விமான நிலையமும், காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே 2023இல் கப்பற்சேவையும் ஆரம்பமான பின்னர் இத்தேவை பெருகியுள்ளது. வளிமண்டலவியல் திணைக்களம் இதனைக் கவனத்திற்கொள்ள வேண்டும். உயிர்களோடு தொடர்புடைய இவ்விடயத்தில் அசமந்தம் கூடாது.