பழைய ரேசர் ஷோகேஸுக்கு அல்ல, கன்னத்துக்கு!

தாத்தாவின் கைக்கடிகாரம் கிடைத்தால் துடைத்துச் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்கிறார்கள். தாத்தாவின் ஷேவிங் செட் கிடைத்தால்? காயலான் கடைக்குப் போகிறது. அல்லது, அதைவிடக் கொடுமை, பாலிஷ் போட்டு ஷோகேஸில் உட்காருகிறது. இரண்டுமே தப்பு. சவரம் செய்ய வந்த கருவி சவரம் செய்ய வேண்டும்.

வணிகவியல் வகுப்புகளில் ஒரு கதை காலங்காலமாக ஓடுகிறது. கிங் கேம்ப் ஜில்லெட் என்ற மகானுபாவர் ரேசரைச் சும்மா கொடுத்துவிட்டு பிளேடில் சம்பாதித்தாராம். தேர்வில் கேட்டால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எழுதுகிறார்கள். நடந்தது நேர் எதிர். 1904-ல் காப்புரிமை கிடைத்தது. அது இருந்த வரை ரேசரின் விலை 5 டாலர், அன்றைக்குப் பெரிய தொகை. 1921-ல் காப்புரிமை முடிந்து போட்டியாளர்கள் நுழைகிற நேரத்தில்தான் பழைய மாடல் 1 டாலருக்கு இறங்கியது. ராண்டல் பிக்கர் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 2010-ல் எழுதிய கட்டுரை இந்தக் கதையைப் பிய்த்துப் போட்டிருக்கிறது.

இதில் என்ன விஷயம் என்றால், அன்று ரேசரே விற்கிற சரக்கு. அதனால் பித்தளையில் செய்து முலாம் பூசினார்கள், தலைமுறை தாண்டி நிற்கிறது. காப்புரிமை போனபின் அந்த பிளேடை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானது. இன்றும் பெட்டிக்கடையில் கிடைக்கிற இருபுற பிளேடு, 1950-களின் ஜில்லெட்டில் கச்சிதமாக உட்காரும்.

பாடப்புத்தகக் கதை பின்னால்தான் நிஜமானது. 1971-ல் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ், 1998-ல் மூன்று, 2006-ல் ஐந்து! ஒன்றின் பிடியில் இன்னொன்றின் தலை மாட்டாது. பிடி மலிவு, தலை விலை. இதற்குப் பெயர் வளர்ச்சியாம்! மூலதனச் செலவுக்கும் வருவாய்ச் செலவுக்கும் வித்தியாசம் எழுதி மார்க் வாங்குகிறவர்களே மாதாமாதம் இந்த வாடகையைக் கட்டுகிறார்கள்.

சரி, பழையதைச் சீர் செய்வது பெரிய வித்தையா? அரை மணி நேர வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு, ஒரு பழைய டூத் பிரஷ். காய்ந்த சோப்பும் உப்புக்கறையும் கழன்றுவிடும். பித்தளைக் குடம் மாதிரிப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது, முலாம் போய்விடும். தங்க முலாம் இன்னும் மெல்லியது, அதற்குப் பற்பசைகூட ஆகாது. கடைசியில் ஸ்பிரிட்டில் துடைத்தால் கிருமி பயம் இல்லை. பிடியைத் திருகினால் மேல் கதவுகள் திறக்கிற மாடலுக்கு ஒரு சொட்டு எண்ணெய். பிளேடு போட்டபின் இரு பக்கமும் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அமெரிக்க ஜில்லெட்டின் அடியில் A1 என்று பொறித்திருந்தால் அது 1955-ன் முதல் காலாண்டில் பிறந்தது.

புது முலாம் பூசிப் பளபளப்பாக்கச் சொல்கிறவர்களும் உண்டு. பணம் தண்டம். நிறம் மங்கினால் சவரம் மங்காது. ஆனால் பிடி விரிசல் விட்டிருந்தாலோ தலை வளைந்திருந்தாலோ மட்டும் ஆசைப்படாமல் விட்டுவிடுவது நல்லது.

"வெட்டிவிடுமே" என்பார்கள். அழுத்தினால் வெட்டும். ரேசரின் எடையே போதும், கை சும்மா வழி காட்டினால் சரி. ஒரு வாரத்தில் பழகிவிடும். கை நடுங்கும் முதியவருக்குக் கார்ட்ரிட்ஜ்தான் சௌகரியம், அதில் சண்டை இல்லை. இருபது வயதுக்காரர்களுக்கு என்ன சாக்கு?

பரணில் ஒரு டப்பா நிச்சயம் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள்.